வாசித்ததாகக் கொள்ளப்பட்ட கதை

எழுத்தாளர் மன்றம் ஒன்றில் சேர வேண்டும் என்று காஜாக்காரி கனவில்கூட நினைத்ததில்லை. அக்கா பிடித்த பிடிவாதம்தான் அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது.

அக்கா அப்போது பெரிய ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டிலில் கிடந்தாள். ஈரல் கெட்டுவிட்டது. "மாசக்கணக்குல எல்லாம் யோசிக்காதீங்கம்மா, வாரக்கணக்குல வச்சுக்குங்க" என்று டாக்டர் தாழ்வாரத்தில் நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

காஜாக்காரிக்கு நாற்பத்தொரு வயது. தையல் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே கடை, அதே ஸ்டூல். வேலை இல்லாத மதியங்களில் கடையின் பழைய அளவுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் அவள் ஏதோ எழுதுவாள் என்பது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுதியதை வாசித்துக் காட்டுவதும் அக்காவிடம் மட்டும்தான். அப்படி வாசித்ததில் ஒரு கதை அக்காவின் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

கதை ஏழு பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு சிறுமியை அவளுடைய அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தையல் கடையில் விடுகிறாள். அங்கே சிறுமிக்குக் கிடைக்கும் முதல் வேலை, அவள் நேற்றுவரை படித்த பள்ளிக்கூடத்தின் சீருடைக்குக் காஜா எடுப்பது. நாற்பத்திரண்டு சட்டைகள். ஒரே ஒரு சட்டையில் மட்டும், கழுத்திலிருந்து மூன்றாவது காஜாவை நூலால் அழகாகச் சுற்றித் தைத்துவிட்டு, நடுவில் வெட்டாமல் விட்டுவிடுகிறாள். எவளாவது ஒருத்தி காலையில் பொத்தான் போட முடியாமல் ஒரு நிமிடம் நின்று, இதைத் தைத்தது யார் என்று யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மாலையில் கூட்டிப்போக வந்த அக்கா அதைப் பார்த்துவிடுகிறாள். கடைக்காரர் கண்ணில் படுவதற்குள் பிளேடை எடுத்து அந்தக் காஜாவை வெட்டித் திறந்துவிடுகிறாள். கதை அங்கே முடிகிறது.

"அந்த அக்கா பண்ணினது தப்பா பாப்பா?" என்று கட்டிலில் கிடந்தபடி அக்கா கேட்டாள். தங்கை எத்தனை வயதானாலும் அவளுக்குப் பாப்பாதான்.

"தப்பே இல்லைக்கா."

"நீ என் தங்கச்சி. நீ அப்படித்தான் சொல்வே. உன் படிப்புல மண்ணள்ளிப் போட்டவ நான். படிச்சவங்க, எழுதுறவங்க நாலு பேர்கிட்ட வாசி. அவங்களுக்கு என்னையும் தெரியாது, உன்னையும் தெரியாது. கேட்டுட்டு அவங்க என்ன சொல்றாங்களோ அதை வந்து அப்படியே சொல்லு. திட்டினாலும் சரி. தெரியாமப் போறதுக்குத் தெரிஞ்சுட்டுப் போறேன்."

அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காஜாக்காரி, மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த 'தோளோடு தோள் எழுத்தாளர் மன்ற'த்தின் படிகளில் ஏறினாள்.

மாடியறை முன்பு கண் பரிசோதனை அறையாக இருந்தது. பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும் பலகை இன்னும் சுவரில் தொங்கியது. அதன் கீழே தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் இதுவரை ஒரு புத்தகமும் எழுதியதில்லை. ஆனால் நூற்றுப் பதினான்கு முன்னுரைகள் எழுதியிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'முன்னுரை' என்பார்கள். முகத்துக்கு நேரே 'ஐயா'. அவருக்கு வலப்பக்கம் செயலாளர், பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எதிரே பதினைந்து பேர். அதில் மருந்துக்கடைக்காரரும் கணக்கு டீச்சரும் முன்வரிசை.

"வாம்மா. இது உன் வீடு" என்றார் தலைவர். "வெளி உலகத்துல எழுத்தாளனை எழுத்தாளன் கடிச்சுக் குதறுறான். இங்க அது கிடையாது. ஒருத்தருக்கு ஒருத்தர் தோள். உனக்கு என்ன வேணும்?"

"ஒரு கதை வாசிக்கணுங்க. கேட்டுட்டு நீங்கல்லாம் என்ன நினைக்கிறீங்கன்னு சொன்னாப் போதும்."

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி அன்பான சிரிப்பு.

செயலாளர் விதிகளை விளக்கினார். புதிதாக வருகிறவர் 'காத்திருப்பு உறுப்பினர்'. வாரம் ஒருவர் வாசிப்பார். அவருக்குக் காத்திருப்பு உறுப்பினர் ஆதரவு தர வேண்டும். பன்னிரண்டு ஆதரவு சேர்ந்தால் வாசிக்க ஒரு முறை கிடைக்கும். ஆதரவு என்பது கைதட்டல் மட்டும் அல்ல. உரிய இடத்தில் உரிய ஒலி எழுப்ப வேண்டும்.

"நல்லா இருந்தா 'ஆஹா'" என்றார் கணக்கு டீச்சர், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரலில். "சோகமா இருந்தா 'அடடா'. புரியலன்னா 'ப்ச்'. தூக்கம் வந்தாக் கண்ணை மூடிட்டுத் தலையை ஆட்டணும். அதுக்கும் ஆதரவு உண்டு."

"அப்புறம் கருத்து சொல்வீங்களா டீச்சர்?"

"கருத்தா? அது ஒரு வாரம் முன்னாடியே எழுதி செயலாளர்கிட்டக் குடுத்துடுவோம்."

காஜாக்காரிக்குப் புரியவில்லை. 'ப்ச்' சொல்லலாமா என்று யோசித்தாள். "கதையைக் கேக்குறதுக்கு முன்னாடியேவா?"

தலைவர் கையை உயர்த்தினார். இதைப் பல முறை விளக்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. "அம்மா, கேட்டுட்டுச் சொல்ற கருத்து ஆளைப் புண்படுத்திடுது. பழைய செயலாளர் ஒருத்தர் அப்படித்தான் ஒரு கதையைக் கேட்டுத் தொலைச்சாரு. கேட்டவர் சும்மா இல்லாம நினைச்சதைச் சொல்லிட்டாரு. மன்றமே ரெண்டாப் போச்சு. கேக்காமச் சொன்ன கருத்து யாரையும் புண்படுத்தினதா இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் கிடையாது."

எல்லோரும் "ஆஹா" என்றார்கள்.

பன்னிரண்டு ஞாயிறு. காஜாக்காரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். டாக்டரின் வாரக்கணக்கு அவ்வளவு தூரம் வராது. கூட்டம் முடிந்ததும் செயலாளரை ஓரமாகப் பிடித்து அக்காவின் நிலைமையைச் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா, அவசர ஆதரவு மனுன்னே ஒண்ணு இருக்கே" என்று அவர் ஒரு தாளை உருவினார். "என்ன அவசரம்னு முப்பது நாளைக்கு முன்னாடி எழுத்துல குடுத்துட்டாப் பரிசீலிப்போம்."

"முப்பது நாள் முன்னாடி தெரிஞ்சா அது அவசரமே இல்லையே சார்."

"எனக்கு உங்க கஷ்டம் புரியாம இல்லை. என் மாமியார் போனப்போ நானே மனு போட்டேன். நாலு வருஷம் ஆச்சு, இன்னும் பரிசீலனைலதான் இருக்கு."

"யார் சார் பரிசீலிக்கிறாங்க?"

"நான்தான்" என்றார் அவர். குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

அன்று மாலை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்கியதும் தொடங்காததுமாக அக்கா கேட்டாள். "வாசிச்சியா?"

"அடுத்த வாரம்க்கா."

அடுத்த வாரம் ஆதரவு ஒன்று சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் அது இரண்டானது. மூன்றாவது வாரம் மருந்துக்கடைக்காரர் முறை. அவர் கிணற்றைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். மூடிவிட்ட கிணறு, அதன் மேல் போட்ட பலகை, பலகையின் மேல் தினமும் ஒரு தட்டில் சோறு வைத்துவிட்டுப் போகும் ஒருவர். எல்லோரும் சரியான இடங்களில் அடடா போட்டார்கள். செயலாளர் உறையைப் பிரித்து ஒரு வாரத்துக்கு முன் எழுதிய கருத்துகளை வாசித்தார். "நகைச்சுவை உணர்வு மிளிர்கிறது" என்றது முதல் சீட்டு. மருந்துக்கடைக்காரர் எழுந்து நன்றி சொன்னார். மன்றத்தின் பிளாஸ்டிக் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். போட்டோ எடுத்ததும் செயலாளர் அதைத் திரும்ப வாங்கி, தூசி தட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

காஜாக்காரியின் வாய் சும்மா இருக்கவில்லை. "சார், அந்தக் கிணத்துல யாரு?" என்று கேட்டுவிட்டாள்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் திடுக்கிட்டுத் திரும்பினார். இருபது வருடம் தட்டிக்கொண்டிருந்த கதவு திடீரென்று திறந்துவிட்டால் ஒருவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். உதடு அசைந்தது. "அது... எங்க சின்னவன்..."

"உட்காருங்க, உட்காருங்க" என்று தலைவர் குறுக்கே விழுந்தார். "அம்மா, என்ன காரியம் பண்ணிட்டே? பதினாறு வருஷமா இந்த மன்றத்துல ஒரு கேள்வி எழுந்ததில்லை. அதுதான் நம்ம ஒற்றுமை. பாரு, மனுஷனை எப்படிக் கலங்க வச்சுட்டேன்னு!"

மருந்துக்கடைக்காரர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேள்வி கேட்ட குற்றத்துக்குக் காஜாக்காரியின் மூன்று ஆதரவும் ரத்தானது. கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும் என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்.

அன்றைக்கு வார்டில் அக்காவின் கண்கள் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தன. கால் இரண்டும் வீங்கி, போர்வைக்குள் யாரோ வேறொருவருடைய கால்கள் மாதிரி இருந்தன. பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

"இன்னைக்காவது... வாசிச்சியா பாப்பா?"

காஜாக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாசிச்சேன்க்கா."

அக்கா தலையணையில் கையூன்றி எழப் பார்த்தாள். "கேட்டாங்களா?"

"பதினஞ்சு பேரு. மூச்சு விடாமக் கேட்டாங்க. மேல ஃபேன் ஓடுற சத்தம் மட்டும்தான்."

"திட்டினாங்களா என்னை?"

"இரு, வரிசையாச் சொல்றேன். முதல்ல அந்த மருந்துக்கடைக்காரர் எழுந்தாரு. 'பதினெட்டு வயசுப் பொண்ணு, அம்மா இல்லை, அப்பா முதுகு ஒடிஞ்சு படுக்கையில, நூல் மில்லுல அவ ஒருத்தி சம்பளம்தான். அவளைக் குத்தம் சொல்றவன் அவ வீட்டுல ஒரு நாள் இருந்துட்டு வந்து சொல்லணும்'னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"கோபமாச் சொன்னாரு. செயலாளருக்கும் அவருக்கும் சண்டையே வந்துடும் போல இருந்துச்சு. செயலாளர், 'வெட்டாம விட்டிருக்கலாமே, சின்னப் பொண்ணோட ஒரே ஒரு ஆசைதானே'ன்னாரு."

அக்காவின் முகம் வாடியது. "அவர் சொல்றது நியாயம்தான்."

"இல்லைக்கா, முழுசாக் கேளு. உடனே டீச்சர் எழுந்தாங்க. கணக்கு டீச்சர். 'வெட்டாம விட்டிருந்தா மறுநாள் கடைக்காரர் அந்தப் பொண்ணைத் துரத்தியிருப்பாரு. அக்கா வெட்டினது தங்கச்சியோட ஆசையை இல்லை, தங்கச்சி மேல விழ வேண்டிய அடியை'ன்னு சொன்னாங்க. அப்புறம் என்கிட்டத் திரும்பி ஒண்ணு கேட்டாங்க. 'வெட்டும்போது அந்த அக்கா கை நடுங்குச்சா?'ன்னு."

காஜாக்காரி சும்மா, வாயில் வந்ததைத்தான் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் மஞ்சள் கண்களிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

"நடுங்குச்சு" என்றாள் அக்கா. "பிளேடு வழுக்கி என் விரல்ல பட்டுடுச்சு. நீ பாத்துடக் கூடாதுன்னு முந்தானையில சுத்திக்கிட்டேன். நீ அதை எழுதவே இல்லையே பாப்பா. அந்த டீச்சருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இருபத்தெட்டு வருடமாகக் காஜாக்காரிக்கும் தெரியாது.

"அவங்க அப்படித்தான்க்கா" என்றாள். "நல்லாக் கேப்பாங்க."

அதன் பிறகு அக்காவின் பேச்செல்லாம் மன்றத்தைப் பற்றித்தான். நர்ஸ் ஊசி போட வந்தால் "எங்க பாப்பா கதைக்காகப் பதினஞ்சு பேர் சண்டை போட்டாங்க தெரியுமா?" என்பாள். "எதுக்கும்மா சண்டை, நல்ல கதைன்னா அமைதியாக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்று நர்ஸ் சிரித்தால், "அட நீ ஒண்ணு, நல்ல கதைன்னாத்தான் சண்டை வரும்" என்பாள். செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்லக் காஜாக்காரி எழுதினாள். கீழே அக்கா தன் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். பாதிக் கையெழுத்துக்கு மேல் பேனா நிற்கவில்லை.

"நீயே வாசிக்கணும். என் பேரைச் சொல்லி வாசிக்கணும். சத்தியம் பண்ணு."

காஜாக்காரி சத்தியம் பண்ணினாள். வியாழக்கிழமை காலை அக்கா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காஜாக்காரி மாடிப்படி ஏறினாள். அக்கா இறந்ததைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் "அடடா" என்றார்கள்.

"மன்றம் உன்னைக் கைவிடாது" என்றார் தலைவர். "செயலாளர், விதி என்ன சொல்லுது?"

செயலாளர் புரட்டினார். "முழு உறுப்பினர் மறைஞ்சா ரெண்டு நிமிஷம். முழு உறுப்பினரோட உறவுன்னா ஒரு நிமிஷம். காத்திருப்பு உறுப்பினரோட உடன்பிறப்பு... இருபது நொடி ஐயா."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "முடிஞ்சுது" என்றதும், பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் காஜாக்காரி தாளைப் பிரித்து, அக்காவின் பேரைச் சொல்லி வாசித்தாள்.

"எழுத்தாளர் மன்றத்துல இருக்கிற பெரியவங்களுக்கு வணக்கம். நான் ஆஸ்பத்திரியில இருந்து எழுதுறேன். என் தங்கச்சி கதையைக் கேட்டீங்களே, அதுல வர்ற அக்கா நான்தான். எனக்காகக் கோபப்பட்ட மருந்துக்கடைக்கார ஐயாவுக்கு நன்றி. என்மேல தப்புன்னு சொன்ன செயலாளர் ஐயாவுக்கும் நன்றி. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். கை நடுங்குச்சான்னு கேட்ட டீச்சரம்மாவைப் பாக்கணும்னு ஆசை. முடியலை. யாரும் இதுவரைக்கும் என்னைப் பத்தி அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. என் தங்கச்சிக்கு இனிமே வீட்டுல கதை கேக்க ஆள் இருக்காது. நீங்க இருக்கீங்கன்னு நிம்மதியாப் போறேன்."

ஒருவரும் அடடா சொல்லவில்லை. காஜாக்காரி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். இதோ இப்போது கேட்பார்கள் என்று நினைத்தாள். என்ன கதை, எப்போது சொன்னோம், யாரிடம் சொன்னோம். ஒரு கேள்வி வந்தால் போதும், ஏழு பக்கத்தையும் வாசித்துவிடலாம். பையில்தான் இருந்தது.

கணக்கு டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கை நடுங்கினதைச் சொன்னேன் இல்லையா, அது எனக்கு அன்னைக்கே பட்டுச்சு. அனுபவம்தான் காரணம்."

"நான் கோபப்பட்டேனா?" என்று மெதுவாகக் கேட்ட மருந்துக்கடைக்காரரை, "பட்டீங்க, பட்டீங்க, நாங்கதான் உங்களைப் பிடிச்சு உட்கார வச்சோம்" என்று பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டினார். செயலாளர், "நான் தப்புன்னு சொன்னது ஒரு விவாதத்துக்காக. மனசுல இருந்து சொல்லலை. அதைக் குறிச்சுக்குங்க" என்று தனக்குத் தானே சொல்லித் தானே குறித்துக்கொண்டார்.

தலைவர் எழுந்தார். "பதினாறு வருஷத்துல நமக்கு வந்த முதல் பாராட்டுக் கடிதம் இது. சாகப்போற ஒரு உயிரு நம்மளை நினைச்சுக்கிட்டுப் போயிருக்கு. தோள்னா இதுதான்யா தோள்! ஆண்டு மலர்ல முதல் பக்கம். என் முன்னுரையோட." சொல்லிவிட்டு நிறுத்தினார். "செயலாளர், இந்தம்மா எந்தத் தேதியில வாசிச்சாங்க?"

செயலாளர் குறிப்பேட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். அவர் நெற்றி வியர்த்தது. "ஐயா... வாசிச்சதாப் பதிவே இல்லை."

"ஐயா, நான் வாசிக்கலைங்க" என்றாள் காஜாக்காரி. "அக்காவுக்காகத்தான் வாசிச்சேன்னு சொன்னேன். அந்தக் கருத்தெல்லாம் நானாச் சொன்னது. கதை இதோ இருக்கு. ஏழு பக்கம்தான். இன்னைக்கு வாசிக்கட்டுங்களா?"

டீச்சரின் முகம் சுருங்கியது. "அப்போ நான் சொன்னது பொய்ங்கிறியா?"

"துக்கத்துல இருக்கு, ஞாபகம் தடுமாறுது" என்று தலைவர் கையமர்த்தினார். "நாம பாராட்டினது உண்மை. அதுக்குக் கடிதமே சாட்சி, இறந்தவங்க கையெழுத்தோட. பாராட்டியிருக்கோம்னா கேட்டிருக்கோம். கேட்டிருக்கோம்னா இது வாசிச்சிருக்கு. தப்பு குறிப்பேட்டுலதான். திருத்துங்க."

"அப்போ இன்னைக்கு வாசிக்கிறது?"

"அது ரெண்டாவது வாசிப்பு ஆயிடும்மா" என்றார் செயலாளர் இரக்கத்தோடு. "வாசிச்ச கதையை மறுபடி வாசிக்க விதி கிடையாது. வேற கதை எழுது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவர் எழுதத் தொடங்கினார். அழகான கையெழுத்து. காஜாக்காரி பையைத் திறந்தாள், ஏழு பக்கத்தையும் தொட்டாள். நான் வாசிக்கவே இல்லை என்று இன்னும் ஒரு முறை கத்தியிருக்கலாம். கத்தினால் கடிதம் பொய்யாகிவிடும். கடிதம் பொய்யென்றால், டீச்சர் கேட்ட கேள்வியும் இல்லை, மருந்துக்கடைக்காரரின் கோபமும் இல்லை. கட்டிலில் கிடந்தவள் நிம்மதியாகப் போனதற்கு இந்த உலகத்தில் ஒரு ஆதாரமும் இருக்காது.

"சார்" என்றாள். "அந்த அக்கா மேல தப்பு இல்லைன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதலாமே. ஐயா?"

"தாராளமா எழுதுங்க" என்றார் தலைவர்.

"எல்லாருமே அப்படித்தான் நினைச்சாங்கன்னு எழுதணும் சார்."

"ஒருமனதாகன்னு போட்டாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவை வாங்கவில்லை. "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க சார்."

"எதுக்கும்மா? எழுதினதுதான் எழுதியாச்சே."

"காதுல விழணும்."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பத்திரம் படிக்கிற குரலில் படித்தார்:

"காத்திருப்பு உறுப்பினர் தம் கதையை வாசித்தார். உறுப்பினர்கள் முழுமையாகக் கேட்டனர். விரிவான விவாதம் நடந்தது. கதையில் வரும் அக்காவின் மீது எந்தத் தவறும் இல்லை என்று மன்றம் ஒருமனதாகக் கருதியது."

காஜாக்காரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்த டீச்சர், ஒரு ஆதரவு போட்டுக்கொள்ளும்படி செயலாளருக்குச் சைகை காட்டினார்.

பிறகு அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான், யாரிடம் போய் இதைச் சொல்வதற்காக இவ்வளவு வேகமாக நடக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.